அடுப்பு பற்றாத ஞாயிறு

முழு ஊரடங்கு போட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸும் ஆட்டோவும் காய்கறி வண்டிக்காரன் குரலும் இல்லாமல் நகரமே வாயில் துணி கட்டிக்கொண்டு கிடந்த ஒரு காலையில், எங்கள் எச் பிளாக்கில் ஒரு வீட்டிலும் அடுப்பு பற்றவில்லை. சிலிண்டரில் கேஸ் இருந்தது. லைட்டரில் பொறி வந்தது. பற்றவில்லை. அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டு வசதி வாரியம் கட்டிய பிளாக். நாலு மாடி. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி வராந்தா, வராந்தா நெடுக கதவுகள். எந்த வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். எந்த வீட்டில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதும் தெரியும். நான் இரண்டாம் மாடி. பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் சொல்லி என்னை யாரும் கூப்பிடுவதில்லை. செக்கர்தான்.

பக்கத்து வீடு வேதாசலம். தபால் ஆபீஸில் இருந்தவர். எங்கள் பிளாக்கில் எந்தச் சாவு விழுந்தாலும் பிளாஸ்டிக் நாற்காலி பிடிப்பதும் ஐஸ் பெட்டிக்குச் சொல்வதும் அவர்தான். கொள்ளிச்சட்டி வழியில் அணைந்துவிடக்கூடாதே என்று மயானம்வரைக்கும் கூடவே ஊதிக்கொண்டு நடப்பதும் அவர்தான். பிளாக் சங்கச் செயலாளர் ஜெபசிங்கின் அம்மா செத்தபோது பெட்டிக்குத் தோள் கொடுத்தார், மூன்றாம் மாடி மும்தாஜின் மாமனார் மவுத்தானபோது சந்தாக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கபர்ஸ்தான்வரைக்கும் போனார், என் வீட்டுக்காரி போனபோது நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, சட்டியை என் கையில் கொடுத்து, “நேராப் பாத்து நடங்க” என்று மட்டும் சொன்னார். இந்த வேலைக்கு அவரை யாரும் வைக்கவில்லை. அவராகப் போவார்.

அவர் மனைவி புஷ்பவல்லி. சாவு என்று காதில் விழுந்ததும் முதலில் அடுப்பை அணைப்பது அவள். பிணம் தெருமுனை தாண்டும்வரை பிளாக்கில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது. எந்தச் சாமி கும்பிடுகிற வீடானாலும் சரி, எங்களுக்கு அது பொது. தாண்டிய பிறகு முதல் காபி அவள் வீட்டில் கொதித்துச் சாவு வீட்டுக்குப் போகும். அதில் அடிப்பிடித்த வாசனை அடிக்கும். பாலை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் பேச வந்துவிடுவாள், அது பொங்கி வழிந்து கருகும். அவள் அடுப்புக்கே அந்த வாசனை ஊறிப்போயிருந்தது. “புஷ்பாக்கா, கண்ணைக் கட்டி விட்டாலும் உங்க வீட்டைக் கண்டுபிடிச்சிடுவேன்” என்பாள் மும்தாஜ்.

அந்த ரெண்டு பேருக்கும்தான் அந்த நோய் வந்தது. அவருக்கு மூச்சு வாங்க, ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவளுக்குக் காய்ச்சல் மட்டும். வீட்டிலேயே இரு என்று சொல்லி, மாநகராட்சி ஆட்கள் வந்து வாசலில் தகரம் அடித்தார்கள். கழுத்து உயரத் தகரம். கீழே சாப்பாடு தள்ள ஒரு சந்து. அதற்குமேல் அவள் தலை மட்டும் தெரியும்.

அந்த ஞாயிறு விடியும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவள் போன் அணைந்து கிடந்ததால் ஆஸ்பத்திரியில் இரண்டாவதாக எழுதிக்கொடுத்திருந்த ஜெபசிங் நம்பருக்கு வந்தது. வேதாசலம் போய்விட்டார். உடம்பைத் தரமாட்டார்கள். அவர்களே எரித்துவிடுவார்கள். ஜெபசிங் ஷார்ஜாவில் இருக்கும் மகன் செழியனுக்குச் சொன்னார். செழியன் அழுதானாம். விமானம் இல்லை. பிறகு சொன்னானாம்: “அம்மாவுக்கு இன்னும் காய்ச்சல் விடல, அங்கிள். ரெண்டு நாளைக்குத் தெரிய வேணாம். தாங்கமாட்டாங்க.”

பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் புஷ்பவல்லியும் இருக்கிறாள். அதில் போட முடியாது. அதனால் ஜெபசிங் ஒவ்வொரு கதவாக ஏறி இறங்கினார். என் கதவுக்கும் வந்தார்.

“செக்கர் சார், இன்னைக்கு எல்லாரும் வழக்கம்போல அடுப்பு மூட்டணும்.”

“சாவு விழுந்திருக்கு.”

“அதனாலதான் சார். அடுப்பு அணைஞ்சா அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுடும். அவங்களைவிட அது யாருக்குத் தெரியும்? சனிக்கிழமையே கறி வாங்கி வெச்சிருக்காங்க இல்ல, எல்லா வீட்லயும் கொழம்பு கொதிக்கணும். வாசனை வரணும்.”

“எனக்குப் பிடிக்கல.”

“எனக்கு மட்டும் பிடிச்சிருக்கா? எங்கம்மாவைத் தூக்கின தோள் சார் அது.”

போய்விட்டார். நானும் அடுப்படிக்குப் போனேன். நல்ல மனசில்தான் எல்லோரும் போனார்கள். தப்பு அங்கேதான் நடந்தது.

டக். டக். டக். கீழ் மாடியிலிருந்து மேல் மாடிவரைக்கும் லைட்டர் சத்தம், முற்றத்தில் விழுந்து எதிரொலித்து, ஏதோ பெரிய பூச்சி ஒன்று சுவருக்குள் உட்கார்ந்து கொறிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. ரெகுலேட்டரைத் திருகினார்கள், டியூபைத் தடவினார்கள், பர்னரைக் கழற்றி ஊசியால் குத்தினார்கள், சிலிண்டர்காரன் தண்ணீர் கலந்துவிட்டான் என்றார்கள். சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினால் ஏறியது. ஊதுபத்தி புகைந்தது. முதல் மாடி தம்பித்துரை பீடி பற்றவைத்தான், பற்றியது. அதே குச்சியை பர்னருக்குக் கொண்டுபோனான், யாரோ பக்கத்தில் நின்று ஊதினாற்போல அணைந்தது. கரண்ட் அடுப்பு வைத்திருந்தவர்கள் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் சில்லென்று அப்படியே இருந்தது.

ஒருவர் பின் ஒருவராக லைட்டரைக் கீழே வைத்தார்கள். யாருக்கும் ஆச்சரியம் வரவில்லை. எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை யாரோ சத்தமாகச் சொன்னதுபோல இருந்தது, அவ்வளவுதான்.

“நெருப்பு நம்மளைவிட ரோஷக்காரன்யா” என்றான் தம்பித்துரை.

பசிக்கு வழி பார்த்தார்கள். அவலை ஊறவைத்தார்கள். வாழைப்பழம், பன், பழைய சோறு. மும்தாஜ் கைக்குழந்தையின் பால் பாட்டிலை ஒரு குண்டான் தண்ணீரில் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். அதைப் பார்த்து எல்லா வீட்டிலிருந்தும் பாத்திரங்கள் மேலே ஏறின. ஆடி வெயில், சும்மா இருக்குமா. கறி வாங்கியவர்கள் அதை மஞ்சள் தடவி ஃப்ரிட்ஜிலேயே மூடிவைத்தார்கள்.

அப்போதுதான் தகரத்துக்கு மேலே அந்தத் தலை தெரிந்தது.

“செக்கரண்ணே!”

“என்ன?”

“என் அடுப்பு பத்தல.”

“கேஸ் தீந்திருக்கும்.”

“போன வாரம்தான் மாத்தினேன். உங்களுது பத்துச்சா?”

நான் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டேன்.

“ஒரு வீட்லயும் பத்தல, இல்ல? லைட்டர் சத்தம் மட்டும் கேக்குது. ஞாயித்துக்கெழமை, ஒரு வெங்காயம் வதங்கல.” மூச்சு வாங்கினாள். “யார் வீட்டுல, அண்ணே?”

“உள்ள போய்ப் படு.”

“யார் வீட்டுலன்னு சொல்லுங்க. மும்தாஜ் கொழந்தை நல்லா இருக்கா?”

“கத்துதே, கேக்கல?”

“தம்பித்துரைக்கு நெஞ்சு வலின்னாங்களே?”

“பீடி குடிச்சிட்டிருக்கான்.”

“ஜெபசிங் சாரு?”

“எல்லாக் கதவையும் தட்டிட்டிருக்காரு.”

“நீங்க?”

“உன்கிட்டதானே பேசிட்டிருக்கேன்?”

லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “அப்ப எல்லாரும் இருக்காங்க.”

“இருக்காங்க.”

“பிளாக்குக்குள்ள இருக்கிறவங்க எல்லாரும் இருக்காங்க” என்றாள், மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

வேலை பார்த்த காலம் பூரா டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே பிடித்தவன் நான். பொய் சொல்கிற முகம் எப்படியிருக்கும் என்று தெரியும். அந்த முகத்தை அவளுக்குக் காட்ட எனக்கு இஷ்டமில்லை. மாஸ்க்கைக் கழற்றினேன்.

“விடியக்காலைல” என்றேன்.

தகரத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. எங்கள் பிளாக்கில் எந்தச் சாவுக்கும் முதலில் ஒப்பாரி எடுப்பவள், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பிறகு கேட்டாள்.

“எனக்குத் தெரியக்கூடாதுன்னு அடுப்பு மூட்டப் பாத்தீங்களா?”

“ஆமா.”

“கறிக்கொழம்பா?”

“ஆமா.”

“அறிவு இருக்கா உங்களுக்கெல்லாம்?”

“இல்ல.”

“எப்ப எடுக்கறாங்க?”

“தெரியல.”

“யாரு கூடப் போறாங்க?”

இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். “ஆஸ்பத்திரி ஆளுங்க” என்றேன்.

“அவங்களுக்கு அவர் யாருன்னு தெரியுமா?” என்றாள். “எத்தன வீட்டுச் சட்டிய ஊதி ஊதிக் கொண்டுபோனாரு. இவருக்கு ஒரு பொறி நெருப்பு எடுத்துட்டுப் போக ஆளில்லையா? மூட்டை மாதிரியா போகணும் அவரு? நாதியில்லாம?” பிறகு, “எனக்கு வேற ஒண்ணும் வேணாம், அண்ணே. இங்கேர்ந்து ஒருத்தர் கூட இருந்தாங்கன்னு இருக்கணும். அது போதும்.”

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

தெருமுனையில் சவுக்குக் கட்டை கட்டி அடைத்திருந்தார்கள். ஒரு ஏட்டு, நாற்காலி போட்டு, தலையில் துண்டு.

“பெரியவரே, எங்க கெளம்பிட்டீங்க?”

“சாவுக்கு.”

“பாஸ் இருக்கா?”

“சாவுக்குப் பாஸ் வாங்கினவன் எவன்யா?”

அவர் கோபப்படவில்லை. “நோய்ல போனவங்களா?” என்றார். தலையாட்டினேன். “ஆஸ்பத்திரியில உள்ள விடமாட்டாங்க. மயானத்துலயும் கேட்டைப் பூட்டிட்டாங்க. அங்க போய் என்ன பண்ணுவீங்க?”

“நிப்பேன்.”

“எங்க அண்ணனுக்கு நானும் நிக்கத்தான் போனேன். இந்த யூனிபாரத்தோடவே போனேன். கேட்டுக்கு வெளியில நின்னு, உள்ள போனது எங்க அண்ணன்தானான்னுகூடத் தெரியாம திரும்பி வந்தேன்.” போனை எடுத்து ஒரு நம்பர் சொன்னார். “எத்திராஜுன்னு. மயானத்துல வேலை. நல்ல மனுசன். பேசிட்டு வீட்ல போய் உக்காருங்க. வெயில்ல விழுந்துட்டீங்கன்னா உங்களையும் நான்தான் தூக்கணும்.”

அங்கேயே நின்று எத்திராஜைப் பிடித்தேன்.

“வேதாசலமா?” என்றது அந்தப் பக்கக் குரல். “எச் பிளாக்கு போஸ்டாபீஸ்காரரா? அட, அவரா சார்! கன்னத்த உப்பிகினு சட்டிய ஊதிகினே வருவாரே. எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுக்காம கெளம்பமாட்டாரு. எப்பவும் கூட்டத்தோட வருவாரே சார்… தனியாவா வர்றாரு?”

“ஆமா.”

“வரிசை இருக்குது சார். சாயங்காலம் ஆவும். நானே நிக்கறேன். முடிஞ்சதும் போன் போடறேன்.”

திரும்பி வந்து புஷ்பவல்லியிடம் சொன்னேன். “எத்திராஜு” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “அவரு தெரிஞ்சவருதான். ஆனா நம்ம வீட்டு நெருப்பு இல்லையே” என்றாள்.

என் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து தகரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

“தள்ளிப் போடுங்க, ஒட்டிக்கும்.”

“ஒட்டினா ஒட்டட்டும்.”

“தள்ளிப் போடுங்கன்னா! உங்களுக்கும் யாரும் கூட வரமாட்டாங்க.”

கொஞ்சம் தள்ளிப் போட்டேன். மாஸ்க்கையும் போட்டுக்கொண்டேன்.

அதைப் பார்த்து ஜெபசிங் அவர் நாற்காலியைக் கொண்டுவந்து அவர் கதவுக்கு முன்னால் போட்டார். பிறகு மும்தாஜ், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. பிறகு தம்பித்துரை. பிறகு எல்லோரும். கீழிருந்து மேல்வரைக்கும் நாலு பக்க வராந்தாவிலும் கதவுக்குக் கதவு நாற்காலி விழுந்தது, ஸ்டூல் விழுந்தது, பாய் விழுந்தது, கவிழ்த்துப்போட்ட பக்கெட் விழுந்தது. எல்லோரும் அந்தத் தகரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். டிவி இல்லை, பாட்டு இல்லை, துவைப்பவர் இல்லை, பெருக்குபவர் இல்லை, காயப்போட்ட துணியை எடுக்கக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் முற்றத்தின் ஒரு சுவரில் ஏறி, உச்சியில் நின்று, அடுத்த சுவர் வழியாக இறங்கியது. காக்கைகள் மொட்டைமாடிப் பாத்திரங்களில் வாய் வைத்தன, யாரும் விரட்டவில்லை. பிள்ளைகள்கூட அழுது பார்த்துவிட்டு, அழுவதால் ஒன்றும் கொதிக்காது என்று கண்டு, அம்மாக்களின் மடியில் சாய்ந்து தூங்கினார்கள். கையைக் கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தோம். இந்த ஊரடங்கில் எத்தனையோ ஞாயிறு அப்படிப் போனது, எதற்கும் உதவாமல். அன்றைக்கு மட்டும் அது ஒரு வேலையாக இருந்தது.

நடுவில் செழியன் கூப்பிட்டான். ஜெபசிங் போனைத் தகரத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தார்.

“அம்மா…”

“சாப்பிட்டியா?” என்றாள் அவள்.

“இல்லம்மா.”

“இங்கயும் யாரும் சாப்பிடல. நீயும் அப்படியே உக்காரு.”

அவன் போனை வைக்கவில்லை. ஷார்ஜாவின் ஏதோ ஒரு அறையில் காற்றாடி ஓடும் சத்தம், எங்கள் வராந்தாவில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பொழுது சாயும்போது என் போன் அடித்தது. எத்திராஜ்.

“ஸ்பீக்கர்ல போடுங்க” என்றாள் புஷ்பவல்லி. போட்டேன். முற்றத்தில் அந்தக் குரல் விழுந்தது. நாலு மாடியும் முன்னால் குனிந்தது.

“சார், ஆச்சு. நல்லபடியா ஆச்சு. நான் கூடவே நின்னேன். சார், ஒண்ணு கேக்கணும். உங்க பிளாக்குலேர்ந்து யாராச்சும் வந்தாங்களா?”

“இல்லியே. தெருவே தாண்ட முடியாது.”

“காலைலயே ஒரு சட்டி வந்துட்சே சார்.”

“என்ன சட்டி?”

“கொள்ளிச்சட்டி. சட்டி எறக்கி வெப்பாங்களே, கேட்டாண்ட, அந்தக் கல்லு மேல கீது. யார் வெச்சாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல. விடியசொல்லோ வந்தது, ஒரு வெறகு போடல, ஒருத்தரும் ஊதல, பகல் பூரா கொழுந்துவிட்டு எரிஞ்சுகினே கீது. இவரோட வண்டி உள்ள வந்ததும் பாத்தேன் சார், அப்படியே நிமுந்துச்சு. இவருக்குத்தான்னு புரிஞ்சுபோச்சு. அதுலேர்ந்துதான் எடுத்து வெச்சேன்.”

எத்திராஜ் தயங்கினார்.

“அப்புறம் சார், தப்பா நெனைக்காதீங்க. அந்த நெருப்புல வாசனை. சாம்பிராணி இல்ல, கற்பூரம் இல்ல. சமையல் வாசனை. ஒரு பக்கம் கறிக்கொழம்பு, ஒரு பக்கம் கருவாடு, யாரோ கடுகு தாளிக்கறாங்க, யாரோ காப்பித்தண்ணி வெக்கறாங்க, கைக்கொழந்தைக்குப் பால் காய்ச்சற மாதிரி ஒரு பக்கம்… இத்தினி வருசமா நெருப்புல நிக்கறேன், இப்படி ஒண்ணு பாத்ததில்ல. எத்தினி வீட்டு அடுப்பு சார் அது?”

மும்தாஜ் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

புஷ்பவல்லி தகரத்தைப் பிடித்தபடி எக்கி நின்றாள். “அண்ணே, ஒண்ணு கேளுங்க அவரை. அதுல பால் கருகின வாசனை வந்துச்சான்னு கேளுங்க.”

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. எத்திராஜுக்குக் கேட்டிருந்தது.

“ஆமாம்மா” என்றார். “அதான் தூக்கலா இருந்துச்சு. அடிப்பிடிச்ச பால். கடைசிவரைக்கும் அதான் வந்துகினே இருந்துச்சு.”

அவள் அப்போதுதான் அழுதாள். உட்கார்ந்துவிட்டாள் போல, தகரத்துக்கு மேலே தலை மறைந்துவிட்டது, சத்தம் மட்டும் வந்தது. அந்த ஒப்பாரியை முதல் மாடியில் ஒருத்தி வாங்கினாள், மூன்றாம் மாடியில் ஒருத்தி வாங்கினாள், பிளாக் முழுக்க, அவரவர் கதவுக்கு முன்னால், ஒருவரை ஒருவர் தொடாமல், மாஸ்க் நனைய அழுதார்கள். ஷார்ஜாவில் அவனும் அழுதான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். வராந்தாக்களைக் கழுவிவிட்டார்கள். நாற்காலிகள் உள்ளே போயின. ஆனால் லைட்டரைத் தொட யாருக்கும் கை வரவில்லை.

மும்தாஜ் மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். “செக்கர் மாமா, நீங்க பாருங்க.”

உள்ளே போனேன். குமிழைத் திருகினேன். டக். முதல் பொறியிலேயே பற்றியது. நீலமாக, சின்னதாக, வெகுதூரம் நடந்து வந்ததுபோலக் கொஞ்சம் ஆடிக்கொண்டு.

ரசம் வைத்தேன். குக்கரில் சோறு. சாவு வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டக்கூடாது, மற்ற வீட்டிலிருந்துதான் போகவேண்டும்; அதற்காகவே இத்தனை காலமாக ஓடியவள் அவள். தகரத்தின் கீழ்ச் சந்து வழியாகத் தட்டைத் தள்ளினேன்.

ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

“உப்பு ஜாஸ்தி” என்றாள்.

சாப்பிட்டாள்.